யாருடைய முறையைக் கொடுப்பது?

கிளினிக் வரிசையில் முப்பத்தெட்டாம் நம்பர் வைத்திருப்பவர் தன் முறையை ஒரு கிழவிக்கு விட்டுக்கொடுத்தால், முப்பத்தொன்பதாம் நம்பர் வைத்திருப்பவருக்கு யார் பதில் சொல்வது? அற்பக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் தர்மத்தைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் இதைவிடச் சிக்கலான கேள்விகள் அதிகம் இல்லை.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு பேக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்தட்டில் வேலை. நான் படித்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே ஆசிரியையாகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொண்டதால் அரசாங்கக் கிளினிக்கின் இரும்பு நாற்காலியில் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கிறது. எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை. ரிங்லெட்டில் உட்கார்ந்தாலும் தானா ராத்தாவில் உட்கார்ந்தாலும் கம்போங் ராஜாவில் உட்கார்ந்தாலும் இதே முகங்கள்தான். கொழுந்துக் கறை போகாத விரல்களோடு நம் பெண்கள். காய்கறித் தோட்டத்துச் சீனர்கள். பிள்ளையைத் துணியில் கட்டி மார்போடு அணைத்திருக்கும் செமாய் பழங்குடித் தாய்மார்கள். மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய்க்காரப் பெரியம்மாக்கள். பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள்.

இவர்களுக்குள் பொதுவான பாஷை ஒன்றும் இல்லை. மலாய் பாதிப்பேருக்கு அரைகுறை. ஆனாலும் அந்த அறையில் எல்லாரும் கடைப்பிடிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தச் சுவரிலும் அது ஒட்டப்படவில்லை. என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. பசித்த வயிற்றோடு ரத்தம் எடுக்க வந்தவர்கள் இருக்கும் காலை நேரத்தில் யாரும் பலகாரப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. நோன்பு மாதத்தில் தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் வாசல் பக்கம் எழுந்துபோய்க் குடித்துவிட்டு வருகிறார்கள். மழைநாளில் சேற்று பூட்ஸோடு வரும் தோட்டக்காரர் உள்ளே மூன்று நாற்காலி காலியாக இருந்தாலும் வெளியில் நின்றே தன் நம்பருக்குக் காத்திருப்பார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து தோளைத் தொட்டு அழைத்தால்தான் வருவார். டாக்டர் அறைக் கதவு திறந்து ஒருவர் வெளியே வரும்போது அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் தொலைக்காட்சிக்கோ தரைக்கோ போய்விடும். அவர் மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போய்ச் சேரும்வரை அவருக்கென்று ஒரு தனிமை கிடைக்கிறது. அந்தத் தனிமையைக் கொடுப்பது நாற்பது அந்நியர்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபிறகு நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குச் சிவப்பு நாடா ஒட்டினார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் மிச்சம். அப்போதுதான் இந்தச் சட்டம் முழுக்க முழுக்கக் கண்ணாலேயே நடக்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய் மூடியிருந்தும் ஒன்றும் குறையவில்லை.

நம்பருக்கு வருகிறேன். நம்பர் என்ற அந்தத் துண்டுக் காகிதத்தின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரியைத் தெரிந்திருக்க வேண்டும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலையில் காடுதான் இருந்தது. தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையே அந்தக் காலகட்டத்தில்தான் போடப்பட்டுக்கொண்டிருந்தது. காட்டை அழித்துக் கன்று நட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. தோட்டத்து முதலாளிகள் கூலிகளுக்கு ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வலியுறுத்தியது. அதனால் தோட்டந்தோறும் ஒரு டிரெஸ்ஸர், மருந்துப் புட்டிகள் நிறைந்த ஓர் அறை, அதற்கு முன்னால் ஓர் அஞ்சடித் தாழ்வாரம். நான் சிறுமியாக அந்த அஞ்சடித் தரையில் அம்மா மடியில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறேன். அங்கேயும் எழுதாத சட்டம் இருந்தது. ஆபீஸ் கிராணி வீட்டுக்காரர்கள் அஞ்சடிக்கே வரமாட்டார்கள். டிரெஸ்ஸர் அவர்கள் வீட்டுக்குப் போவார். கங்காணி குடும்பத்துப் பெண் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கி வழிவிடுவார்கள். கொழுந்துக்காரி பிள்ளையோடு வந்தால், நிஜமாகவே காய்ச்சலா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மட்டம் போடப் பார்க்கிறாளா என்ற சந்தேகம் முதலில் அவளைப் பரிசோதிக்கும். அதன்பிறகுதான் தெர்மாமீட்டர்.

அங்கே ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டதை நான் மரியாதை என்று சொல்லமாட்டேன். பயத்துக்கு அவ்வளவு பெரிய பெயர் வேண்டாம். ஆகவே ஒரு வெள்ளி கட்டி, ஒரு நம்பர் வாங்கி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஓர் இயந்திரம் மலாய்க் குரலில் நம் நம்பரைக் கூப்பிடுவது எங்களுக்கு லேசில் கிடைத்ததல்ல. அம்மா கடைசிக் காலத்தில் நம்பர்த் துண்டைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வார். மருந்து வாங்கி வீடு வந்தபிறகும் தூக்கிப் போடமாட்டார்.

இப்படி வந்தவள் என்பதால், நம்பரை மீறுகிற எந்த இரக்கத்தையும் நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

ஒரு காலை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். நடுக்கம். உதடு வெளுத்திருந்தது. கவுன்தரில் அறுபத்தொன்று கொடுத்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, அவசரமில்லை என்று சொல்லிப் போனார். முன்வரிசையில் ஒரு தம்பி எழுந்து, “பாட்டி, நீங்க எனக்கு முன்னாடி போங்க” என்றார். நல்ல பிள்ளை. உடனே யாரும் அசையவில்லை. எல்லாக் கண்களும் ஒரு சுற்றுச் சுற்றின. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, பின்வரிசையிலிருந்து சுவரோரம் நிற்பவர்களுக்கு. சிலர் தலையசைத்தார்கள். ஒரு சீன அங்கிள் மட்டும் அசைக்கவில்லை. அவருடைய லாரி கீழே ஈப்போவுக்குப் போக வேண்டும். ஏற்றிய கீரை வாடிக்கொண்டிருந்தது. அவர் கல்நெஞ்சர் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தம்பி பாட்டிக்குக் கொடுக்கப் போனது தன்னுடைய முறையை மட்டுமா? தனக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரின் பத்துப் பத்து நிமிடங்களையும் சேர்த்துத்தான் அவர் கொடுக்கப் போனார். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தாள்.

அப்போது கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா எழுந்து வந்தார். கையில் முப்பத்தெட்டு. பாட்டியின் அறுபத்தொன்றை வாங்கிக்கொண்டு தன்னுடையதை அவர் கையில் வைத்தார். கவுன்தருக்குப் போய் மிஸ்ஸியிடம் பெயரை மாற்றி எழுதச் சொன்னார். திரும்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். முப்பத்தொன்பதுக்கு ஒரு நிமிடமும் நஷ்டமில்லை. சீன அங்கிளுக்கும் இல்லை. அக்கா மட்டும் மத்தியானம் வரை இருந்தார். அரைநாள் சம்பளம் போயிருக்கும்.

அந்த அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த பதில் அவர் கையில் இருந்தது. இரக்கத்தின் செலவு இரக்கப்படுகிறவரின் மடியிலிருந்து போக வேண்டும். அடுத்தவர் மடியிலிருந்து போகக்கூடாது.

இதைப் பெரியவர்களும் யோசித்திருக்கிறார்கள். நெப்போலியனின் படையில் மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, காயம்பட்டவர்களைப் பதவி பார்த்து வரிசைப்படுத்தும் பழக்கத்தை உடைத்தார். தளபதியானாலும் சிப்பாயானாலும் காயத்தின் கொடுமைதான் வரிசை என்றார். இன்று நம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது அந்த வழியில் வந்ததுதான். மலையிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், கீழே ஈப்போவிலும் அப்படித்தான். சிவப்பு வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உயிருக்கு முன்னால் நம்பருக்கு வேலையில்லை என்று எல்லாருமே முன்கூட்டிச் சம்மதித்துவிட்டோம். சிக்கல் பச்சைக்குள்தான். சாகமாட்டார்கள், ஆனால் வலிக்கிறது. அந்த வலிகளை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கக் கருவி கிடையாது. எழுதாத சட்டம் ஆள்வது அந்த இடத்தைத்தான்.

வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன அதிகாரங்களில் 55ஆவது செங்கோன்மை, 58ஆவது கண்ணோட்டம். இரண்டையும் ஒருவனிடமே கேட்கிறார். ஆள் பார்க்காமல் நீதி செய்யவும் வேண்டும், முகத்தைப் பார்த்து இளகவும் வேண்டும். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்த இரண்டும் முட்டிக்கொள்ளாதா என்று எனக்குக் குழப்பம்தான். செய்ய வேண்டிய காரியம் கெடாமல் இரங்கத் தெரிந்தவருக்கே உலகம் உரியது என்ற கருத்து அந்தக் கண்ணோட்ட அதிகாரத்திலேயே வருகிறது. அந்த அக்கா காரியத்தையும் கெடுக்கவில்லை, முகத்தையும் மறுக்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரக் கதையைச் சொல்வார். திராட்சைத் தோட்டத்து முதலாளி விடியற்காலையில் சிலரைக் கூலிக்கு அழைக்கிறான். பிறகு நேரம் போகப் போக இன்னும் பலரை அழைக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் வந்தவருக்கும் விடியலில் வந்தவருக்கும் ஒரே கூலி. அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்காது. “காலையில பெரட்டுக்கு வந்து மழையில நனைஞ்சவளுக்கும் சாயங்காலம் வந்து கூடையைத் தூக்குனவளுக்கும் ஒரே சம்பளமா? அப்படிக் குடுக்குற தொரைய நாங்க பார்த்ததில்ல அக்கா” என்பார். பெரியம்மா சிரித்துவிட்டு விட்டுவிடுவார். அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கதையில் முதலாளி சொல்லும் பதிலை இப்போது திரும்ப யோசிக்கிறேன். உனக்குப் பேசின கூலியை நான் குறைக்கவில்லையே, என் சொந்தப் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமையில்லையா என்று கேட்கிறான். முன்னால் வந்தவன் கூலியில் ஒரு காசு பிடித்துப் பின்னால் வந்தவனுக்கு அவன் கொடுத்திருந்தால் அந்தக் கதை சுவிசேஷத்தில் இருந்திருக்காது. தன் மடியை அவிழ்த்துத்தான் கொடுத்தான்.

கோயிலைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தன்று நான் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற அதே மனிதர்கள் அங்கே தோளால் இடித்துக்கொண்டு முன்னால் போகிறார்கள். கிளினிக்கில் டாக்டர் ஒருவர்தான். அவர் நேரம் அளவுள்ளது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். முருகனுடைய பார்வை அப்படியா? கோடிப்பேர் மேல் விழுந்தாலும் குறையாதது என்றுதானே நம்புகிறோம்? குறையாத பொருளுக்கு இடித்துக்கொள்கிறோம், குறைகிற பொருளுக்குப் பொறுமையாக உட்காருகிறோம். கருவறை வாசலில் முண்டியடிப்பவர் தன் கடவுளைப் பற்றித் தவறான ஒன்றை உலகுக்குச் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிளினிக்கில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு மாமி கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தலையிலிருந்து பாதம்வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று கேட்கிற பாட்டு அது. முழங்கால் வருகிற இடத்தில் தன் முழங்காலைத் தொட்டுக்கொள்வார். அவர் யாருடைய முறையையும் பறிக்கவில்லை. அந்த வரிசையில் எல்லாருமே முதல் ஆள்.

கர்மத்தைப் பற்றிய பேச்சும் கிளினிக்கில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. மலைக்குளிரில் மூச்சிரைப்புப் பிள்ளைகள் நிறைய. ஒரு முறை மூன்று வயதுப் பிள்ளை ஆவி பிடிக்கும் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அம்மா மடியில் இருந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே உள்ளே போய் வந்தது. யாரையோ பார்க்க வந்த ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், “போன ஜென்மத்துக் கணக்கும்மா, கழிஞ்சாத்தான் விடும்” என்றார். அந்தத் தாயின் முகம் மாறியது. வரிசை முழுக்க ஒரு விறைப்பு. யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மலாய்க்கார மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ தப்பாகப் பேசப்பட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் பையை எடுத்துக் கீழே வைத்து, அந்தத் தாய் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டார்.

நான் வினையை நம்புகிறவள். அதனாலேயே சொல்கிறேன், அது ஒருவர் தன்னைப் பற்றி மட்டும் பேசக்கூடிய கணக்கு. நாவுக்கரசருக்குச் சூலை வந்தது. திருவதிகையில் வயிற்று வலி தாளாமல் பாடிய முதல் பதிகத்தில், அறியாமல் நான் பல கொடுமைகள் செய்திருப்பேன் என்ற பொருளில் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். வலித்தவர் வாயிலிருந்து அது வருகிறது. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் வலியில் இருப்பவர்கள் அதைப் பாடுகிறார்கள். அவருடைய அக்கா திலகவதியாரும் தம்பியிடம் ஒரு சொல் சொல்லத்தான் செய்தார் என்று ஒருவர் என்னை மறுக்கலாம். உண்மைதான். வேறு சமயக் குழியில் விழுந்து துயரப்பட்டீர் என்று அவர் சொல்வதாகச் சேக்கிழார் எழுதுகிறார். ஆனால் எப்போது சொல்கிறார்? தம்பி இரவோடு இரவாக நடந்து வந்து காலில் விழுந்து, கரையேறும் வழி சொல்லுங்கள் என்று கேட்டபிறகு. அந்தச் சொல்லும், எழுந்திருங்கள் என்றுதான் முடிகிறது. பிறகு கையில் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். எத்தனையோ வருஷம் அந்தத் தம்பிக்காகக் காத்திருந்த அக்கா அவர். கிளினிக்கில் அந்தத் தாயிடம் அப்படிச் சொன்னவர் யார்? அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை.

என் முறையை நான் கொடுக்கலாம், பின்னால் இருப்பவருடையதைக் கொடுக்க முடியாது. என் நோய்க்கு என் வினையைக் காரணமாக நான் எழுதிக்கொள்ளலாம், மூன்று வயதுப் பிள்ளையின் பெயரில் எழுத எனக்கு அதிகாரமில்லை. நம்பரை மாற்றிக்கொண்ட அக்காவும் அந்த மக்சிக்கும் எனக்குக் காட்டியது ஒரே எல்லைக்கோட்டைத்தான்.

இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது நான் முட்டி நிற்கிற ஓர் இடம் உண்டு. வாசலுக்கு வெளியே, மழைத்தண்ணீர் விழும் ஓரத்தில் சில சமயம் ஒரு இளைஞன் நிற்பான். கையில் துணிச்சுற்று, உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். உள்ளே வரமாட்டான். அவனிடம் நம்பர் இல்லை. வாங்கவும் போகமாட்டான். பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கும், அல்லது பெர்மிட் காலாவதியாகியிருக்கும். எங்களுக்கு ஒரு வெள்ளி, வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. அதைக்கூட அவன் எப்படியாவது புரட்டிவிடுவான். ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் வந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. அவன் அஞ்சுவது அதற்குத்தான்.

அவனுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? என் நம்பரை அவனுக்குக் கொடுக்க முடியாது, அது என் அடையாள அட்டையின் பேரில் இருக்கிறது. கையைப் பிடித்துக் கவுன்தருக்கு இழுத்துப் போகலாம், ஆனால் அதனால் அவன் பிடிபட்டால் நான் செலவழித்தது என்னுடையதை அல்ல, அவனுடைய வாழ்க்கையை. இரக்கம் என்ற பெயரில் அந்த முன்வரிசைத் தம்பி செய்யப் போனதைவிடப் பல மடங்கு பெரிய தப்பு அது. ஆகவே முதலில் அவனையே கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, டவுனில் தனியார் கிளினிக் எங்கே, எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிப்பான். வழி சொல்லலாம். யாராவது பணம் சேர்த்துக் கொடுக்கலாம், கொடுத்துமிருக்கிறார்கள். இவையெல்லாம் நம் மடியிலிருந்து போகிற காசு, சரிதான். ஆனால் எங்கள் எழுதாத சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அந்தக் கண்ணாடிக் கதவோடு முடிந்துவிடுகிறது. வரிசைக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்கிறோம். வரிசையில் நிற்கவே முடியாதவன் அந்த நல்லதனத்துக்கு வெளியே நிற்கிறான்.

அந்தச் சுற்றறிக்கையை விலக்கிக்கொள்ளச் சொல்லி நாட்டில் டாக்டர்களும் அமைப்புகளும் கேட்டிருக்கிறார்கள். நோயாளிகள் கேட்டதாக நான் பார்த்ததில்லை. பறிக்கிற கையும் களை பிடுங்குகிற கையும் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுடையதாக இருக்கிற இந்த மலையிலிருந்து, எங்கள் தாத்தா பாட்டி அஞ்சடித் தரையில் உட்கார்ந்த அதே மலையிலிருந்து, அந்தக் கோரிக்கை போக வேண்டும். அந்தக் கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதால் முப்பத்தொன்பதாம் நம்பருக்கு ஒரு நிமிடமும் குறையாது.